எங்க வம்சத்துல யாருக்கும் இல்லீங்க டாக்டர்

தேனியில் ஒரு நரம்பு டாக்டரின் கிளினிக். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் பக்கமிருந்து வந்தவர்கள் டோக்கனோடு காத்திருந்தார்கள். சித்தி மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். 22 வயது. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவள். இரண்டு மாதத்தில் இரண்டு முறை வலிப்பு வந்திருந்தது. எத்தனை நிமிடம் இழுத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாளா, தூங்கும்போதா விழித்திருக்கும்போதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்த மருத்துவர், "குடும்பத்துல வேற யாருக்காச்சும் இது மாதிரி வந்திருக்கா?" என்றார்.

சித்தி முந்திக்கொண்டார். "எங்க வம்சத்துல யாருக்கும் இல்லீங்க டாக்டர்."

அது பொய். சித்தியின் தம்பிக்கு, அதாவது என் மாமாவுக்கு, வலிப்பு இருந்தது. தோட்டத்துக் கிணற்றில் குளிக்கப் போன மனிதர் திரும்பி வரவில்லை. நன்றாக நீச்சல் தெரிந்தவர். வழுக்கி விழுந்துவிட்டார் என்றுதான் ஊருக்குச் சொன்னார்கள், எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். சாதியைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கும் நானும் அன்றைக்கு அந்த அறையில் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று யோசித்ததில்தான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

மருத்துவர் கேட்டது மருத்துவக் கேள்வி. பதிலைப் பொறுத்து அவர் தேடும் காரணமும், சில நேரம் மாத்திரையும்கூட மாறலாம். ஆனால் சித்தியின் காதில் விழுந்தது வேறு கேள்வி. "உங்க ரத்தம் சுத்தமா?" என்ற கேள்வி. அந்தக் கேள்வியை இந்தச் சமூகம் நெடுங்காலமாக எங்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்கு என்ன பதில் சொன்னால் பிழைக்கலாம் என்று எங்கள் பெண்களுக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். மூளையின் நரம்புச் செல்கள் சின்னச் சின்ன மின் சமிக்ஞைகளால் பேசிக்கொள்கின்றன. ஒரு கூட்டம் செல்கள் கட்டுப்பாடில்லாமல் ஒரே நேரத்தில் சமிக்ஞை விட்டால் அது வலிப்பு. உலகம் முழுக்கச் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறார்கள். சரியான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் பேர் வலிப்பே வராமல் வாழ முடியும் என்றும், 25 சதவீத வலிப்பு நோய் வராமலே தடுக்கக்கூடியது என்றும் அதே நிறுவனம் சொல்கிறது.

தடுக்கக்கூடியது என்றால் என்ன பொருள்? பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சுத் திணறாமல் பார்த்துக்கொள்வது, தலையில் அடிபடாமல் காப்பது, மூளைக்காய்ச்சலையும் பக்கவாதத்தையும் தடுப்பது, குடிநீரில் மலம் கலக்காமல் பார்த்துக்கொள்வது. இவை எல்லாமே மருத்துவமனை, சாலை, கழிவறை, வேலையிடம் சம்பந்தப்பட்டவை. பரம்பரையாக வரும் வலிப்பும் உண்டு. ஆனால் ஒருவருக்கு வலிப்பு வந்துவிட்டால் ஊர் இவற்றில் எதையும் கேட்பதில்லை. 'யார் வழியில் வந்தது?' என்று மட்டும் கேட்கிறது. எதைக் கண்டாலும் அதன் காரணத்தை ரத்தத்தில் தேடுவதுதான் சாதியின் மூளை.

இந்தத் தேடல் எங்கே போய் முடியும் என்பதற்கு எங்கள் பகுதியிலேயே சாட்சி இருக்கிறது. பிரமலைக் கள்ளர்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று எழுதி வைத்தது வெள்ளைக்காரனின் குற்றப் பரம்பரைச் சட்டம். அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மக்கள் செத்தார்கள். குற்றம் ரத்தத்தில் ஓடுவதில்லை என்பதற்காக உயிர் கொடுத்த மண் இது. அதே மண்ணில்தான் இன்றும் பெண் பார்க்கப் போகிறவர்கள் ரத்தத்தை விசாரிக்கிறார்கள். நாங்களும் விதிவிலக்கில்லை. ஊர்த்தெரு எங்களைப் பிறப்பைச் சொல்லி ஒதுக்குகிறது. காலனிக்குள் நாங்கள் "அந்தக் குடும்பத்துல வலிப்பு இருக்கு, பொண்ணு எடுக்காதே" என்கிறோம். அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை என்பது இதுதான். மேலே இருப்பவன் கொடுத்த அளவுகோலைக் கீழே இருப்பவனும் எடுத்துத் தன் வீட்டிலேயே அளந்து பார்க்கிறான்.

1916இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது வாசித்த கட்டுரையில், சாதியின் உயிர்நாடி அகமணம்தான் என்று நிறுவினார் அம்பேத்கர். திருமணம் சாதிக்குள் நடக்கும்வரைதான் சாதி இருக்கும். அப்படியானால் ஒவ்வொரு கல்யாணப் பேச்சும் ஒரு சோதனைச் சாவடி. அந்தச் சாவடியில் நோய்கூட ஒரு குலக்குறையாகத்தான் பதிவாகிறது. சர்க்கரை நோயை வாய்விட்டுச் சொல்கிறோம். ரத்த அழுத்தத்தைப் பெருமையாகக்கூடச் சொல்கிறோம். வலிப்பை மட்டும் மறைக்கிறோம்.

சட்டமே அந்தச் சாவடியில் நின்றது என்பது பலருக்குத் தெரியாது. 1976இல் இந்துத் திருமணச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. திரும்பத் திரும்ப வலிப்பு வருகிறவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்று அது சொன்னது. அப்படி நடந்த திருமணத்தை ரத்து செய்யக் கோரி நீதிமன்றம் போகலாம். சாதி மறுப்புத் திருமணங்களுக்குக் கதவாக இருக்கும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அதே சொல் நுழைந்தது. 1999இல்தான் இரண்டிலிருந்தும் 'வலிப்பு' என்ற சொல்லை நீக்கினார்கள். 23 ஆண்டுகள் ஒரு நரம்பு நோயைத் திருமணத் தடையாக இந்த நாட்டுச் சட்டம் வைத்திருந்தது. சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்டது. தரகரின் நோட்டிலிருந்து போகவில்லை.

இதற்கான விலையைப் பெண்கள்தான் கொடுக்கிறார்கள். கல்யாணமாகிப் போகும் வீட்டுக்கு மாத்திரை அட்டையோடு போக முடியாது. அட்டையிலிருந்து பிரித்து வேறு டப்பாவில் போட்டு 'சத்து மாத்திரை' என்று சொல்கிறார்கள். மாமியார் பார்க்கும் நாளில் விழுங்காமல் விட்டுவிடுகிறார்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், நிற்காமல் தொடர்ந்து இழுக்கும் வலிப்பு வரலாம். அது உயிரைக் கொல்லும். இன்னொன்றும் இருக்கிறது. வால்புரோயேட் என்ற மாத்திரையைக் கர்ப்ப காலத்தில் எடுத்தால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரும் ஆபத்து அதிகம். அதனால் குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு முடிந்தவரை வேறு மாத்திரை தரவேண்டும். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே திட்டமிட வேண்டும். தனக்கு வலிப்பு இருப்பதைக் கணவனிடமே சொல்ல முடியாத பெண், கர்ப்பத்தைத் திட்டமிட்டு மருத்துவரிடம் எப்படிப் போவாள்?

இதில் பெரிய முரண் ஒன்று இருக்கிறது. ரத்தத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லும் அகமணம்தான் சில பரம்பரை நோய்களைத் தக்கவைக்கிறது. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கும் மேல் சொந்தத்துக்குள் நடப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று காட்டியது. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று முறை சொல்லி நிலத்தையும் நகையையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஒரே மரபணுக் கோளாறு தாய் வழியிலும் தந்தை வழியிலும் வந்து சேரும் வாய்ப்பு இதில் கூடுகிறது. ஐதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, சொந்த உறவில் மணம் செய்யாவிட்டாலும், தலைமுறை தலைமுறையாகச் சின்னக் குழுவுக்குள்ளேயே மணம் முடிப்பது அப்படிப்பட்ட நோய்களுக்கு வழி வகுக்கும் என்று காட்டியது. இதைச் சொல்வது யாரையும் குத்திக்காட்ட இல்லை. 'சுத்தம்' என்று நம்பப்படுவது உடலுக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

ரத்தத்துக்கு அடுத்து சோறு. கல்லூரி விடுதியில் என்னோடு படித்த ஒருவன் சொன்னது நினைவிருக்கிறது: "பன்னிக்கறி திங்கிறவனுக்கு மூளையில புழு வருமாம்ல?" அதை அவன் பொது அறிவாகச் சொன்னான். யாரை நோக்கிச் சொன்னான் என்பது மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

மூளையில் நாடாப்புழுவின் குடம்பை கட்டியாகத் தங்குவதும், அதனால் வலிப்பு வருவதும் உண்மை. வேலூர் மாவட்டத்தில் சி.எம்.சி. மருத்துவர்கள் மக்களிடையே நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணமாக இருந்தது. ஆனால் அது எப்படி வருகிறது? சரியாக வேகாத, கட்டியுள்ள பன்றிக்கறியைத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்குக் கட்டி வருவது அப்படி அல்ல. குடலில் புழு உள்ள மனிதரின் மலத்தில் முட்டைகள் வெளியேறுகின்றன. அந்த முட்டைகள் கை வழியாக, தண்ணீர் வழியாக, கழுவாத கீரை வழியாக யார் வயிற்றுக்குள் போனாலும் மூளைக்குப் போய்ச் சேரலாம். பன்றிக்குமே அது மனித மலத்திலிருந்துதான் வருகிறது. வாழ்நாளில் ஒரு துண்டு கறி தின்னாதவருக்கும் மூளைக்கட்டி வரும்.

நியூயார்க்கில் வைதீக யூதக் குடும்பங்களில் சிலருக்கு இந்த நோய் வந்ததை 1992இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. மத விதிப்படி பன்றியைத் தொடாதவர்கள். லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து அவர்கள் வீட்டு வேலைக்கு வந்தவர்கள் வழியாக முட்டை பரவியிருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கண்டார்கள். இந்தச் செய்தியை இரண்டு விதமாக வாசிக்கலாம். 'வேலைக்காரியை அடுப்பங்கரைக்குள் விடாதே' என்பது ஒன்று. அது நமக்கு நன்றாகத் தெரிந்த வாசிப்பு. இன்னொன்று: கழிவறையும் நல்ல தண்ணீரும் புழு மாத்திரையும் இல்லாத இடத்தில் ஒரு மனிதரை வாழவிட்டால், எத்தனை மதில் கட்டினாலும் அந்த அநியாயம் எல்லோருடைய தட்டுக்கும் வந்து சேரும். பொது சுகாதாரம் இரண்டாவது வாசிப்பின்மேல்தான் நிற்கிறது. சாதிச் சமூகம் முதல் வாசிப்போடு நின்றுவிடுகிறது. மலத்தைப் பொதுப் பிரச்சினையாகப் பார்க்காமல், அதை அள்ளுவதற்கென்று ஒரு சாதியை வைத்துக்கொண்ட நாடு, மூளையில் புழு வந்ததும் அதே மக்களின் சோற்றுத் தட்டைக் காட்டுகிறது.

இனி கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறேன். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், திராட்சைப் பந்தல், இருபோக நெல் என்று படங்களில் பச்சையாகத் தெரியும் ஊர்கள். விடியும் முன்பே எழுந்து, சோறு பொங்கி, தூக்குவாளியோடு ஜீப்புக்கு நிற்கும் பெண்கள் அந்தப் படங்களில் இல்லை. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நிலம் இல்லாதவர்கள். நிலம் ஏன் இல்லை என்பதைச் சாதியைச் சொல்லாமல் விளக்க முடியாது.

வலிப்பு உள்ளவருக்குத் தூக்கம் மருந்து மாதிரி. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்பது எல்லா நரம்பியல் மருத்துவர்களும் சொல்வது. "எட்டு மணி நேரம் தூங்கணும்மா" என்று என் தங்கையிடமும் சொன்னார் அந்த மருத்துவர். அவள் தலையாட்டினாள். ஜீப் எத்தனை மணிக்கு வரும் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வலிப்பு இருப்பது தெரிந்தால் மலைக்கு ஏற்ற மாட்டார்கள் என்ற பயம் வேறு. கல்யாணத்துக்காக அம்மா மறைக்கிறார், கூலிக்காக மகள் மறைக்கிறாள்.

தோட்டங்களில் அடிக்கும் பூச்சி மருந்தையும் சொல்லியாக வேண்டும். ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்துகள் நரம்புச் சமிக்ஞையை நிறுத்தும் ஒரு நொதியை முடக்குகின்றன. கடுமையாக உடலில் ஏறினால் வலிப்பும் வரும். எண்டோசல்பான் விஷமும் வலிப்பை உண்டாக்கும். காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் அதைத் தெளித்ததன் பேரழிவுக்குப் பிறகுதான், 2011இல், உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. என் தங்கையின் வலிப்புக்கு மருந்தடிப்புதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை என்கிறேன். மருந்தடித்த காட்டில் ஒரு பெண் விழுந்தால் என்ன மருந்து, கையுறை கொடுத்தார்களா, அடித்து எத்தனை மணி நேரம் கழித்து உள்ளே விட்டார்கள் என்று கேட்க வேண்டும். அதற்குப் பதிலாக, "அவ குடும்பத்துலயே உண்டு" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும். முதலாளி தப்பித்தார். ரத்தத்தின் மீது போடும் பழி இப்படித்தான் காசாகிறது.

வலிப்பு வந்தவர் பொது இடத்தில் விழும்போது நடப்பதையும் கவனியுங்கள். "இரும்பு குடு, சாவி குடு" என்று கூட்டம் கத்தும். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தானாக நின்றுவிடும். சாவியால் நின்றது என்று எல்லோரும் நம்பிக்கொள்வார்கள். உண்மையில் செய்ய வேண்டியது அவரைத் தொட்டு ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைப்பது, தலைக்கடியில் துணி வைப்பது, நேரம் பார்ப்பது, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழைப்பது. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கையை, காலை அமுக்கக் கூடாது. நுரை பட்டால் நோய் ஒட்டும் என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒட்டாது. தொடாமலே உதவி செய்ததாகக் காட்டிக்கொள்ள ஒரு சமூகம் கண்டுபிடித்த கருவி அந்தச் சாவி என்று எனக்குத் தோன்றுகிறது. தீண்டாமை பழகிய கைகளுக்கு அது வசதியாகத்தான் இருக்கும்.

சரி, அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்பவர் யார்? நரம்பியல் மருத்துவராக எம்.பி.பி.எஸ்., எம்.டி. முடித்து டி.எம். படிக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 1999 தீர்ப்பு ஒன்று, இத்தகைய உயர் சிறப்புப் படிப்புகளில் இட ஒதுக்கீடு கூடாது என்ற நிலைப்பாட்டை உறுதிசெய்தது. இன்றுவரை டி.எம்., எம்.சிஎச். இடங்களில் சாதிவாரி இட ஒதுக்கீடு இல்லை. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு 50 சதவீதம் ஒதுக்கத் தமிழ்நாடு அரசு 2020இல் ஆணை போட்டது. நீதிமன்றப் போராட்டத்துக்குப் பிறகு 2022 மார்ச்சில்தான் அதைச் செயல்படுத்த வழி கிடைத்தது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவர் நரம்பியல் படிக்க அது ஒரு வாசல். இன்னும் திறக்க வேண்டிய வாசல் பெரியது. தலித் மருத்துவர்தான் தலித் நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜீப் எத்தனை மணிக்கு என்று கேட்கத் தெரிந்த ஒருவர் அந்த நாற்காலிக்கு வரும் வழியை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்கிறேன்.

க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. எங்கள் பகுதிக்கு அது பெரிய விடுதலை. ஆனால் கூடலூரிலிருந்து அங்கே போய் வர ஒரு நாள் கூலி போகும். மாதம் ஒருமுறை, வருடக்கணக்கில். அடிப்படை வலிப்பு மாத்திரைகள் விலை அதிகமில்லை. அந்த ஒரு நாள்தான் விலை. நோயைக் கண்டறிய நரம்பியல் மருத்துவர் வேண்டும். கண்டறிந்த பிறகு மாத்திரை வாங்க அத்தனை தூரம் வர வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து காட்டியது. வலிப்பு மாத்திரையும் அதே பையில் எல்லா ஊருக்கும் தவறாமல் வர வேண்டும் என்று கேட்போம். தாலுகா மருத்துவமனைகளில் மாதம் ஒரு நாளாவது நரம்பியல் முகாம் கேட்போம். மலைக்கு வேலைக்குப் போகிறவர்களின் உடல்நலத்துக்கு இரண்டு மாநில அரசுகளும் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்போம்.

அரசிடம் கேட்பது ஒரு பாதி. இதை வாசிக்கும் தோழர்களில் பலர் சாதி மறுப்புத் திருமணம் பற்றிப் பேசுகிறவர்கள். 1989 போடிக் கலவரம் போல அரிவாளோடு சாதி வந்தால் நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. மாத்திரை டப்பாவுக்குள் உட்கார்ந்திருக்கும்போது தெரிவதில்லை. நம் வீட்டில் யாருக்கு வலிப்பு இருக்கிறது என்று நமக்கே தெரியுமா? தெரிந்தால் வெளியே சொல்கிறோமா? நான் சொல்லவில்லை. என் மாமாவின் சாவை 'வழுக்கி விழுந்தார்' என்று திருப்பிச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அன்று இரவு வீட்டில் சித்தியிடம் பேசினேன். கொஞ்ச நேரம் அழுதார். "உனக்கென்னப்பா, நீ படிச்சுட்டே. இவள எவன் கட்டுவான்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. தங்கை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் மூவரும் போனோம். மருத்துவர் பழைய சீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்: "சார், எங்க மாமாவுக்கு இருந்துச்சு. கெணத்துல விழுந்து செத்துப்போனாரு." சித்தி தலையைக் குனிந்துகொண்டார். மருத்துவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "நீ கிணத்துல, ஆத்துல தனியா குளிக்காதேம்மா. மேல வேலைக்கு எத்தன மணிக்குக் கிளம்புறே?" என்று கேட்டார்.